பணிவோடு தலைமை தாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக டீம் லீடர் ஆனவர்களும் பல வருடம் மேலாளராக இருப்பவர்களும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை போகப் போக வரும். ஒரு பதிலில் விளக்கியதை இன்னொன்றில் மறுபடி எழுதாமல் எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம்.

1. பணிவான தலைமைன்னா என்ன? எல்லார்கிட்டயும் மரியாதையா, மெதுவா பேசுறதா?

குரலின் அளவுக்கும் இதற்கும் பெரிய தொடர்பு இல்லை. சிலர் தேனொழுகப் பேசுவார்கள், ஆனால் எடுத்த முடிவை யார் என்ன சொன்னாலும் மாற்ற மாட்டார்கள். வேறு சிலர் சத்தமாகப் பேசுவார்கள். ஒரு இளநிலை ஊழியர் கணக்கோடு வந்து "இது தப்பு" என்று காட்டினால், அந்த இடத்திலேயே "சரி, மாத்துவோம்" என்பார்கள். பணிவு இரண்டாமவரிடம்தான் இருக்கிறது.

நடைமுறையில் மூன்று பழக்கங்களைப் பார்க்க வேண்டும். தன் தவறையும் தனக்குத் தெரியாததையும் வெளிப்படையாக ஒப்புக்கொள்வது, அடுத்தவரின் திறமையைப் பெயர் சொல்லி எடுத்துக்காட்டுவது, தனக்குக் கீழே இருப்பவரிடம் கற்றுக்கொள்வதை எல்லோரும் பார்க்கும்படி செய்வது. இவற்றோடு, குழுவின் வேலைக்குக் குறுக்கே நிற்பதை அகற்றித் தரும் உழைப்பும் வேண்டும். வராத அனுமதி, பழுதான கருவி, பதில் தராத இன்னொரு துறை என்று எதுவாகவும் அது இருக்கலாம். அந்த உழைப்பு இல்லாத பணிவு வெறும் நல்ல பழக்கவழக்கம்.

2. இது இப்ப வந்த புது ஃபேஷனா?

இல்லை. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியில் நாற்பது வருடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ராபர்ட் கிரீன்லீஃப், 1970-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குச் 'சேவைத் தலைமை' என்ற பெயரைக் கொடுத்தார். அவர் வைத்த உரைகல் இன்றும் பயன்படுகிறது: உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் வளர்கிறார்களா? முன்பைவிடச் சுயமாக முடிவெடுக்கிறார்களா?

3. இவ்வளவு இறங்கிப் போனா தலையில ஏறி உட்கார்ந்துக்க மாட்டாங்களா?

உட்காருவார்கள், எது மாறாதது என்று நீங்கள் சொல்லாமல் விட்டால். அதனால் முதல் வாரத்திலேயே இரண்டு பட்டியல் எழுதிக் குழுவிடம் கொடுங்கள். ஒன்றில் பேச்சுக்கு இடமில்லாதவை: முடிக்க வேண்டிய தேதி, தரத்தின் அளவு, பாதுகாப்பு விதிகள், சக ஊழியரை நடத்தும் விதம். இன்னொன்றில் அவர்களே தீர்மானிக்கக்கூடியவை: எந்த முறையில் செய்வது, யார் எதை எடுத்துக்கொள்வது, எந்த வரிசையில் முடிப்பது. முதல் பட்டியல் சின்னதாக இருக்கட்டும். ஐந்தாறு வரிகளைத் தாண்டினால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

பெரும்பாலும் கெட்டுப்போவது இப்படித்தான். ஒருவர் தேதியைத் தவறவிடுகிறார், மேலாளர் ஒன்றும் சொல்லாமல் ராத்திரி உட்கார்ந்து தானே முடித்துக்கொடுக்கிறார். இரண்டு தடவை இது நடந்தால் அந்தத் தேதிக்கு அர்த்தமில்லை என்று குழு முழுவதும் புரிந்துகொள்ளும். முதல் முறை காரணம் கேளுங்கள். இரண்டாம் முறை பேசி ஒப்புக்கொண்டதை எழுத்தில் வையுங்கள். மூன்றாம் முறை, முன்பே சொல்லிவைத்த விளைவு நடக்க வேண்டும்.

4. நான் யாரையும் திட்டுறதே இல்லை. அப்படியும் தப்பு நடந்தா கடைசி நிமிஷத்துலதான் எனக்குத் தெரியுது. ஏன்?

இந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே முக்கியமான கேள்வி இது. திட்டுவது மட்டும் மக்களை வாயடைக்கச் செய்வதில்லை. புருவம் சுருங்குவது, ஒரு பெருமூச்சு, "யார் பண்ணது?" என்ற முதல் கேள்வி, அடுத்த நாள் வழக்கமாகச் சொல்லும் வணக்கம் இல்லாமல் போவது, எல்லாவற்றையும் கீழே இருப்பவர் கணக்கு வைத்துக்கொள்கிறார். கெட்ட செய்தி சொல்ல என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவர் கணித்த பிறகுதான் உங்கள் கதவைத் தட்டுவார்.

1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவானது நேர்மாறு, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் எண்ணிக்கை அதிகம். அங்கே தவறு அதிகமாக நடந்தது என்பதைவிட, அங்கே இருந்தவர்கள் பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே பொருத்தமான விளக்கமாக இருந்தது. பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு விமானத்துறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் ஓடுபாதையில், மூடுபனியில், இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானம் புறப்பட வேகமெடுத்த நேரத்தில், அதிலிருந்த விமானப் பொறியாளர், மற்றது ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் உறுதியாகச் சொன்னதும் அந்தக் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் காலத்து விபத்துகளின் பாடத்தால்தான், கீழே இருப்பவர் தடுத்துப் பேசவும் கேப்டன் அதைக் கேட்கவும் விமானக் குழுவினருக்குத் தனிப்பயிற்சி பரவலாயிற்று.

கெட்ட செய்தி வந்ததும் நீங்கள் செய்ய வேண்டியது முதல் பத்து நொடியில் இருக்கிறது. வரிசையாக மூன்று வாக்கியங்கள்: "இப்பவே சொன்னது நல்லது." "இப்போ நிலைமை என்ன?" "என்கிட்ட இருந்து என்ன வேணும்?" காரணம் தேடுவது மறுநாள். அப்போதும் "யார்" என்று கேட்காமல் "எந்த இடத்தில் தவறியது" என்று கேளுங்கள். இதை நாலு தடவை சரியாகச் செய்து ஐந்தாம் தடவை வெடித்தால், குழுவின் நினைவில் நிற்பது அந்த ஐந்தாவதுதான்.

5. ஒவ்வொருத்தரோடயும் தனியா பேசணும்னு சொல்றாங்க. அதை எப்படி நடத்துறது?

வாரம் ஒருமுறை முப்பது நிமிடம். எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நாளும் நேரமும் நிலையாக இருக்கட்டும். தவிர்க்க முடியாமல் தள்ளிப்போட நேர்ந்தால் அதே வாரத்துக்குள் வேறு நேரம் கொடுங்கள், ரத்து மட்டும் செய்யாதீர்கள். மூன்று வாரம் தொடர்ந்து ரத்தானால், தன் நேரத்துக்கு உங்களிடம் மதிப்பில்லை என்று அவர் முடிவு செய்துவிடுவார். அதன்பின் நீங்கள் கூப்பிட்டாலும் மேலோட்டமாகத்தான் பேசுவார்.

முதல் பதினைந்து நிமிடம் அவருடையது. அவர் எழுதிவந்ததைப் பேசட்டும், ஒன்றும் எழுதிவரவில்லை என்றால் "இந்த வாரம் உங்க நேரத்தை அதிகமா தின்னது எது?" என்று தொடங்குங்கள். அடுத்த பத்து நிமிடம் நீங்கள் சொல்ல வேண்டியது. கடைசி ஐந்து நிமிடத்தில் இருவரும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஆளுக்கு ஒன்றோ இரண்டோ எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் ஏற்றதை அடுத்த சந்திப்புக்குள் முடித்திருக்க வேண்டும். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். நம்பிக்கை வளர்வது இந்தச் சின்னக் கணக்கில்தான்.

அடிக்கடி நடக்கும் பிழை, இந்தச் சந்திப்பு வேலை நிலவர அறிக்கையாக மாறிவிடுவது. எது எத்தனை சதவீதம் முடிந்தது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு ஒரு தனிச் சந்திப்பை வீணாக்க வேண்டாம். இன்னொன்று, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவது. குறிப்பு எடுக்க வேண்டுமானால் காகிதம் போதும்.

6. "ஏதாவது பிரச்சனை இருக்கா?"ன்னு கேட்டா எல்லாரும் "ஒண்ணும் இல்லை"ங்கிறாங்க. என்ன பண்றது?

கேள்வியை மாற்றுங்கள். "பிரச்சனை இருக்கா" என்பதற்கு "இல்லை" என்பதுதான் எளிதான பதில். "இந்த வேலையில எந்த இடம் உங்களுக்கு உறுத்துது?", "நான் ஒண்ணை நிறுத்தணும்னா எதை நிறுத்தச் சொல்வீங்க?", "பத்துக்கு எத்தனை மார்க்? அதுல ஒண்ணு கூடணும்னா என்ன செய்யணும்?" போன்றவற்றுக்கு "ஒண்ணும் இல்லை" என்று சொல்ல முடியாது. கேட்டுவிட்டுக் குறைந்தது ஏழெட்டு நொடி சும்மா இருங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும், எதிரில் இருப்பவர் அப்போது யோசித்துக்கொண்டிருப்பார்.

கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியாகச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் பேசிவிட்டால் மீதிப் பேர் அதைச் சுற்றித்தான் பேசுவார்கள். எல்லோரும் இரண்டு நிமிடம் தாளில் எழுதிவிட்டு, பணியில் புதியவரிலிருந்து தொடங்கி வாசித்தால், வாயே திறக்காதவர்களிடமிருந்தும் யோசனை வரும். ஒருவர் மாற்றுக் கருத்து சொன்னதும் உடனே மறுக்க வேண்டாம். "அதை இன்னும் கொஞ்சம் விளக்குங்க" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பதானால் மறுக்கலாம்.

7. "எனக்குத் தெரியாது"ன்னு சொன்னா மதிப்பு போயிடாதா?

அந்த வாக்கியத்தோடு நிறுத்தினால் போகும். "எனக்குத் தெரியாது, இன்னாருக்குத் தெரியும், வியாழக்கிழமைக்குள் கேட்டுச் சொல்றேன்" என்று முடித்தால் போகாது, அந்த வியாழக்கிழமை நீங்கள் சொன்னால். தெரிந்ததுபோல் பூசி மெழுகியது பின்னால் வெளிப்படும்போதுதான் மதிப்பு உண்மையிலேயே சரிகிறது. அதே சமயம், உங்கள் பதவிக்கு அடிப்படையான விஷயங்களில் திரும்பத் திரும்பத் தெரியாது என்று சொல்வதைப் பணிவு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே படிப்பதுதான் வழி.

8. குழுவுக்கு முன்னாடி ஒருத்தரை அவமானப்படுத்திட்டேன். எப்படி மன்னிப்பு கேட்கணும்?

முதலில் தனியாக, அதே நாளிலோ மறுநாளோ. பிறகு, நடந்தது எல்லோர் முன்னாலும் என்றால் திருத்தமும் எல்லோர் முன்னாலும் வர வேண்டும், அவருக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொண்டு. நான்கு வாக்கியம் போதும்: என்ன செய்தேன், அது ஏன் தவறு, வருந்துகிறேன், இனி என்ன செய்வேன். "ஆனா" என்ற சொல் உள்ளே வந்தால் மன்னிப்பு விவாதமாகிவிடும். "உங்களுக்குக் கஷ்டமா இருந்திருந்தா மன்னிச்சிடுங்க" என்பதும் வேண்டாம், அது தவறை அவருடைய மனசின் மேல் தள்ளுகிறது.

9. வேலையைப் பிரிச்சுக் கொடுத்தா சரியா வர மாட்டேங்குது. நானே செஞ்சா சீக்கிரம் முடியும். எதுக்கு ஒப்படைக்கணும்?

இந்த ஒரு தடவைக்கு நீங்கள் செய்தால் சீக்கிரம் முடியும் என்பது உண்மை. இருபதாவது தடவையும் நீங்களே செய்துகொண்டிருப்பீர்கள் என்பதும் உண்மை. ஒப்படைத்தது சரியாக வராததற்குக் காரணம் பெரும்பாலும் கொடுத்த விதத்தில் இருக்கும். கொடுக்கும்போது ஐந்து விஷயம் தெளிவாக வேண்டும்: முடிவில் என்ன கிடைக்க வேண்டும், எப்போது, எவ்வளவு பணமும் நேரமும் செலவிடலாம், அவரே எதுவரை முடிவெடுக்கலாம், எந்த நிலையில் உங்களிடம் வர வேண்டும். கேட்டவரையே தன் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொன்னால், புரியாத இடம் அங்கேயே வெளிவரும்.

முடிவெடுக்கும் உரிமையில் படிகள் உண்டு. விவரம் சேகரித்து வா, நான் முடிவெடுக்கிறேன் என்பது முதல் படி. உன் பரிந்துரையோடு வா என்பது அடுத்தது. முடிவெடு, செய்வதற்கு முன் சொல் என்பது மூன்றாவது. செய்துவிட்டுச் சொல் என்பது நான்காவது. ஒருவருக்கே ஒரு வேலையில் முதல் படியும் இன்னொரு வேலையில் நான்காவது படியும் பொருந்தலாம். எந்தப் படி என்று சொல்லாமல் கொடுப்பதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். முதல் சரிபார்ப்பை வேலை ஐந்தில் ஒரு பங்கு முடிந்ததும் வையுங்கள், அப்போது திருத்துவது சுலபம். பாதியில் பிடுங்கிக்கொள்வதை மட்டும் தவிருங்கள். அடுத்த முறை அவர் அரை மனசோடுதான் தொடங்குவார்.

10. வேலையே சரியா செய்யாதவரையும் தட்டிக்கொடுத்துக்கிட்டே இருக்கணுமா?

வேண்டாம். குறையைச் சொல்லாமல் இருப்பது அவருக்குச் செய்யும் தீங்கு. தனியாக, நடந்த இரண்டு நாளுக்குள், கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். "நீங்க பொறுப்பில்லாதவர்" என்பதற்குப் பதிலாக "திங்களும் புதனும் அறிக்கை வரலை, அதனால மத்தவங்க நாலு மணி நேரம் காத்திருந்தாங்க" என்று சொல்லுங்கள். பிறகு காரணத்தைக் கேளுங்கள். அது பொதுவாக நான்கில் ஒன்றாக இருக்கும்: செய்யத் தெரியவில்லை, கருவியோ நேரமோ இல்லை, வீட்டிலோ உடம்பிலோ சிக்கல், அல்லது மனசு இல்லை. முதல் மூன்றுக்கும் நீங்கள் உதவ முடியும். நான்காவதை நேராகப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

நான்கு முதல் எட்டு வாரம் அவகாசம், அளக்கக்கூடிய இரண்டு மூன்று இலக்கு, வாரம் ஒரு சந்திப்பு. இவ்வளவுக்கும் பிறகு மாற்றமில்லை என்றால் வேறு பொறுப்புக்கு மாற்றுவதோ பிரிவதோ சரிதான். அந்த முடிவைத் தள்ளிப்போடுவதைக் கருணை என்று நினைக்கிறோம். அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்கிற மற்றவர்களுக்கு அதில் கருணை இல்லை. பிரியும்போது மரியாதையாக, தெளிவாக, மற்றவர் வாயிலிருந்து அவர் கேள்விப்படும் முன் நீங்களே சொல்லுங்கள்.

11. அவசரமான நேரத்துலயும் எல்லாரையும் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா?

முடியாது, கேட்கவும் கூடாது. தீ எரியும்போது ஒருவர் உத்தரவிட, மற்றவர்கள் செய்ய வேண்டும். ஆனால் "நிறுத்து" என்று சொல்லும் உரிமை அப்போதும் எல்லோருக்கும் இருக்க வேண்டும். டொயோட்டாவின் தொழிற்சாலைகளில், கோளாறைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். குறித்த நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் உற்பத்தி வரிசையே நிற்கும். கயிறு இழுபட்டதும் குழுத் தலைவர்தான் அந்த இடத்துக்கு வருகிறார், தொழிலாளி அவரைத் தேடிப் போவதில்லை.

அவசரம் முடிந்ததும் இருபது நிமிடம் உட்காருங்கள். அமெரிக்க ராணுவம் 1970-களிலிருந்து பயிற்சிக்குப் பின் கேட்கும் நான்கு கேள்விகள் எங்கும் பொருந்தும்: என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை எதை வைத்துக்கொண்டு எதை மாற்றுவோம். உத்தரவிட்டவர் தன் பிழையை முதலில் சொன்னால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

12. என்னைவிட வயசுலயும் அனுபவத்துலயும் பெரியவங்க எனக்குக் கீழ இருக்காங்க. கூச்சமா இருக்கு.

அவர்கள் அறிவை மதிப்பதும் முடிவுக்குப் பொறுப்பேற்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. முதல் வாரத்திலேயே தனியாகச் சந்தித்து, "இந்த இடத்துல என்ன செஞ்சா கெட்டுப்போகும்னு உங்களுக்குத்தான் தெரியும், அதைச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர்கள் யோசனைக்கு மாறாக முடிவெடுத்தால் காரணத்தை நேரில் சொல்லுங்கள், மற்றவர் வழியாக வேண்டாம்.

13. எனக்கு மேல இருக்கறவர் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசுறவர். நான் மட்டும் பணிவா இருந்து என்ன ஆகப்போகுது?

உங்கள் குழுவின் எல்லைக்குள் நிறைய ஆகும். மேலேயிருந்து வரும் கோபத்தை அப்படியே கீழே கடத்தாதீர்கள், அதிலிருக்கும் தகவலை மட்டும் பிரித்துக் கொடுங்கள். "அவர் கொதிக்கிறார்" என்பதால் யாருக்கும் பயனில்லை. "வெள்ளிக்கிழமைக்குள் இந்த மூன்று எண்களும் சரியாக வேண்டும்" என்பது பயன்படும். மேலே அறிக்கை கொடுக்கும்போது தவறுக்கு "எங்க குழு" என்றும், வெற்றிக்குச் செய்தவரின் பெயரும் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. குழுவைக் காப்பதாக எண்ணி மேலே பொய் சொல்லாதீர்கள். கீழே உட்கார்ந்து மேலதிகாரியைக் குறை பேசவும் வேண்டாம், நாளை உங்களைப் பற்றியும் அப்படித்தான் பேசலாம் என்று கற்றுக்கொடுத்ததாகும். அவரிடமே பேச வேண்டியிருந்தால் தனியாக, ஒரே ஒரு விஷயத்தை, அதனால் வேலைக்கு ஏற்படும் இழப்போடு சொல்லுங்கள்.

14. நான் பெண். ஆண் மேலாளர் "தப்பு என்னுது"ன்னா பெருந்தன்மைங்கிறாங்க, நான் சொன்னா திறமை இல்லைங்கிறாங்க. எனக்கும் இதே அறிவுரைதானா?

உங்கள் கவனிப்பு சரி. ஒரே நடத்தை ஆளைப் பொறுத்து வேறுவிதமாக எடைபோடப்படுகிறது. இளையவர்களுக்கும், குழுவில் தனித்துத் தெரியும் எவருக்கும் இது நடக்கிறது. அதனால் 7-இல் சொன்னதை உங்கள் விஷயத்தில் இன்னும் கறாராகக் கடைப்பிடியுங்கள். தவறை ஒப்புக்கொள்ளும் அதே வாக்கியத்தில் திருத்தமும் தேதியும் இருக்கட்டும். "எனக்கு அவ்வளவா தெரியாது, ஆனா…" என்று தொடங்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது தேவையில்லாத மன்னிப்பு.

கூட்டக் குறிப்பு எழுதுவது, பிறந்தநாள் ஏற்பாடு போன்றவை உங்கள் தலையிலேயே விழுந்தால் முறைவைத்துப் பிரித்துவிடுங்கள். உதவும் தலைமை என்பதற்குள் இது வராது. இந்தச் சுமையைப் பெண்கள் மட்டுமே சமாளிக்க வேண்டும் என்பதும் நியாயமில்லை. இதைப் படிக்கும் மற்ற மேலாளர்கள், ஒரு பெண் சொன்ன யோசனை வேறொருவர் பெயரில் திரும்ப வரும்போது "இது முதலில் அவர் சொன்னது" என்று அந்த நிமிடமே சொல்லலாம்.

15. எல்லாருக்கும் உதவி உதவி நான்தான் களைச்சுப் போயிட்டேன். இதுக்கு முடிவே இல்லையா?

தடையை அகற்றுவதற்கும் வேலையை வாங்கிக்கொள்வதற்கும் இடையே இருக்கும் கோடு அழிந்துபோனதன் அடையாளம் இது. யாராவது பிரச்சனையோடு வந்தால் முதலில் இரண்டு கேளுங்கள்: "இதுவரைக்கும் என்ன செஞ்சு பார்த்தீங்க?", "நான் கேட்டுக்கிட்டா போதுமா, யோசனை வேணுமா, இல்ல யார்கிட்டயாவது பேசணுமா?" பலருக்கு நீங்கள் கேட்டுக்கொண்டாலே போதும். உங்கள் கையெழுத்தோ பதவியோ இல்லாமல் நகராதது மட்டுமே உங்கள் மேசைக்கு வர வேண்டும். மீதி அவரிடமே திரும்பிப் போகட்டும், 9-இல் சொன்ன படிகளில் ஏதோ ஒன்றோடு.

16. நான் உண்மையிலேயே இப்படி இருக்கேனா, இல்ல அப்படி நினைச்சுக்கிட்டிருக்கேனா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

நேரடியாகக் கேட்டால் "நீங்க ரொம்ப நல்லவர்" என்றுதான் பதில் வரும், 6-இல் சொன்ன அதே காரணத்தால். அதனால் எண்ணிப் பார்க்கக்கூடியவற்றைப் பாருங்கள். கடந்த மூன்று மாதத்தில், கீழே இருப்பவர் சொன்னதால் நீங்கள் மாற்றிய முடிவு எத்தனை? பூஜ்யம் என்றால், ஒன்று யாரும் சொல்வதில்லை, அல்லது நீங்கள் கேட்பதில்லை. ஒரு கோளாறு நடந்ததற்கும் அது உங்கள் காதுக்கு வந்ததற்கும் இடையே எத்தனை மணி நேரம்? அந்த இடைவெளி மாதாமாதம் குறைகிறதா? ஒரு கூட்டத்தில் நீங்கள் எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று கடிகாரம் வைத்துக் கவனியுங்கள். பாதிக்கு மேல் நீங்களே பேசியிருந்தால் அது கூட்டமாக இருக்காது, அறிவிப்பாக இருக்கும்.

இரண்டு வாரம் விடுப்பு எடுங்கள், தினமும் அழைக்காமல். திரும்பி வந்ததும், உங்களுக்காகக் காத்திருந்த முடிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் உங்களால் மட்டுமே எடுக்கக்கூடியவை எவை, பயத்தாலோ உரிமை இல்லாததாலோ நின்றவை எவை என்று பிரியுங்கள். இரண்டாவது வரிசையில் இருப்பவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரைப் போட்டு, அந்த வாரத்துத் தனிச் சந்திப்பில் ஒப்படைத்துவிடுங்கள்.